மங்களச் சிவப்பு

நிலவுக்குக் கலம் அனுப்பிய நாடு நம்முடையது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் போய் இறங்கிய கலம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஆவடி சேக்காட்டில் இயங்கும் எங்கள் 'மணவாளா குடல்நல உயராய்வு மையம்' அனுப்பும் கலம் அப்படிப்பட்டதல்ல. மனிதனின் வாய் வழியாகப் புறப்பட்டு, மடங்கி மடங்கிப் போகும் இருட்டுக் குகை முழுவதையும் படம் பிடித்துக்கொண்டே கடந்து, உரிய வாசல் வழியாக ஒழுங்காக வெளியே வந்துவிடும். விஞ்ஞான வரலாற்றில் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வரும் கலம் வேறொன்றில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

ஊர்க்காரர்கள் இதைக் 'கேமரா மாத்திரை' என்று கொச்சையாகச் சொல்கிறார்கள். பெரிய திராட்சைப் பழம் அளவு இருக்கும். இரண்டு முனையிலும் கேமரா. விழுங்கியவரின் இடுப்பில் ஒரு பெல்ட்டும் பெட்டியும் கட்டிவிடுவோம். மாத்திரை எடுக்கிற படமெல்லாம் அந்தப் பெட்டியில் போய்ச் சேரும். பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி ஏதும் முளைத்திருக்கிறதா என்று டாக்டர் பிறகு போட்டுப் பார்ப்பார். பின்பக்கமாகக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை என்றாலே ஓடிவிடும் நம் மக்களுக்கு இது வரப்பிரசாதம்.

என் பெயர் சிவராமன். மையத்தின் 'தர உறுதி மேலாளர்'. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் நட்டு, போல்ட்டுகளின் தரம் பார்த்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். குடலைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று நேர்முகத் தேர்வில் நானே அடக்கத்தோடு கேட்டேன். மையத்தின் நிறுவனர் மணவாளன் சிரித்தார்.

"நட்டுலயும் ஓட்ட, கொடல்லயும் ஓட்ட. தரம்னா எல்லாம் ஒண்ணுதான் சார். நாளைக்கே வந்து சேந்துடுங்க" என்றார்.

மணவாளன் தொலைநோக்கு உள்ளவர். தண்ணீர் கேனில் தொடங்கி, கல்யாண மண்டபம் கட்டி, அந்த மண்டபத்தையே ஆஸ்பத்திரியாக்கியவர். "கல்யாணத்துக்கு முகூர்த்தம் பாக்கணும். வியாதிக்கு எல்லா நாளும் முகூர்த்தம்" என்பது அவருடைய வணிகக் கொள்கை. வீண் செலவு அவருக்குப் பிடிக்காது. ஆகையால் மாத்திரை விழுங்கும் அறையின் வாசலில் 'மணமகள் அறை' என்ற பலகை இன்றும் தொங்குகிறது. டாக்டர் படம் பார்ப்பது 'மணமகன் அறை'யில். வரவேற்பு மேசையில் சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், பன்னீர்ச் செம்பு, கற்கண்டுத் தட்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் கைகூப்பித் தலையசைக்கும் பொம்மை ஒன்றும் நிற்கிறது. மூலநோயோடு வருகிறவரைக்கூடப் பன்னீர் தெளித்து வரவேற்கும் பண்பாடு இந்த வட்டாரத்தில் எங்களிடம் மட்டும்தான் உண்டு.

மணவாளனுக்கு ஒரே ஓர் ஆசை. தரச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாசலில் வளைவு வைத்து அதில் பெரிதாக எழுத வேண்டும். அதற்காகத் 'தரக்குழு' அமைக்கப்பட்டது. மணவாளன் தலைவர், நான் செயலர். மூன்றாவது உறுப்பினர் டாக்டர் ஷர்மிளா: படம் பார்ப்பவர், நூம்பலிலிருந்து ஸ்கூட்டியில் வரும் சின்னப் பெண், எதற்கெடுத்தாலும் நோயாளி நோயாளி என்று பேசும் பழக்கம் உள்ளவர். நான்காவது அஸ்வின், மணவாளனின் அக்கா மகன். ஐ.டி. கம்பெனியில் வேலை செய்துகொண்டே எங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் தியாகி.

முதல் கூட்டத்தில் ஷர்மிளா உலகத் தரநிலைகளை வாசித்தார்.

"முதல்ல, குடல் சுத்தமா இருக்கணும். ரெண்டாவது, பேட்டரி தீர்றதுக்குள்ள மாத்திரை முழுப் பாதையும் போயி வெளிய வரணும். மூணாவது, ஒழுங்கா பாத்தா நூறு பேர்ல இத்தன பேருக்காவது ஏதாவது கண்ணுல படும். அதுக்குக் கொறஞ்சா நாம சரியா பாக்கலன்னு அர்த்தம். நாலாவது, கட்டி இருந்தா உடனே நோயாளிகிட்ட சொல்லி மேல்சிகிச்சைக்கு அனுப்பணும். இதான் சார் முக்கியம்."

"நாலாவது இருக்கட்டும் டாக்டர்" என்றார் தலைவர். "அது நோயாளி சமாச்சாரம். மொத மூணுக்கு மார்க் எவ்ளோ?"

குடல் சுத்தம் எங்களுக்குச் சவாலாகவே இல்லை. பேதி மருந்தோடு சேர்த்து, மணவாளனின் பழைய கம்பெனி கேன் தண்ணீர் ஆளுக்கு ஒன்று வழங்கப்பட்டது. மண்டபத்தின் கழிப்பறைகள் ஒரே முகூர்த்தத்தில் இரு வீட்டாரையும் தாங்கியவை. இதையும் தாங்கின.

இரண்டாவது தரநிலை கொஞ்சம் படுத்தியது. சிலருடைய வயிற்றில் மாத்திரை பாதி வழியில் படுத்துக்கொள்ளும், பேட்டரி தீர்ந்துவிடும்.

"குடலோட அசைவுல அது தானா நகரணும் சார்" என்றார் ஷர்மிளா.

"தானா எதும்மா நகருது இந்த ஊர்ல? நாமதான் நகத்தணும்" என்றார் மணவாளன்.

மையத்துக்குப் பின்னால் ஒரு சாலை உண்டு. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி மூடி, மூடிய கையோடு குடிநீருக்காகத் தோண்டி, அதை மூட மறந்துபோன சாலை. அந்தச் சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் தங்கராஜ். நெமிலிச்சேரிக்காரர். பெல்ட் கட்டிய நோயாளிகளை அவருடைய வண்டியில் ஏற்றி அந்தச் சாலையில் போய் வரச் செய்வது என்று தீர்மானம் நிறைவேறியது. 'இயற்கை உந்து சிகிச்சை' என்று நான்தான் பெயர் வைத்தேன்.

"ஏறு ஏறு! பெல்ட் கட்னவங்கல்லாம் பின் சீட்டு!" என்று தங்கராஜ் வாசலில் நின்று கூவுவார். "கம்பிய புட்ச்சிக்கோ நைனா. பள்ளம் வந்தா எயுந்துக்காத, அப்டியே குந்திக்கினு வா. அப்பதான் எறங்கும்!"

எல்லா மாத்திரையும் இறங்கியது. ஒரு நோயாளிக்குப் பல் செட்டும் இறங்கியது. அது எங்கள் தரநிலையில் வராததால் பதிவு செய்யவில்லை.

இப்போது மூன்றாவது தரநிலைக்கு, அதாவது கண்டறிவு விகிதத்துக்கு வருகிறேன். மையத்துக்கு நான் ஆற்றிய அரும்பணி இதில்தான் அடங்கியிருக்கிறது.

எங்கள் தொழிற்சாலையில் புது இயந்திரம் வந்தால் சந்தனம் குங்குமம் வைக்காமல் சுவிட்சைத் தொடமாட்டோம். ஆயுத பூஜையன்று லேத்து முதல் மேஜை விசிறி வரை எல்லாம் பொட்டோடு நிற்கும். கேமரா மாத்திரை என்ன, இயந்திரம் இல்லையா? அதுவும் ஒவ்வொன்றும் புத்தம் புது இயந்திரம். ஒரு முறை போய் வந்ததை மறுபடி பயன்படுத்தக் கூடாதாம். ("கழுவினாக்கூடவா?" என்று மணவாளன் கேட்டார். ஷர்மிளா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.) ஆகவே மாத்திரைக்கு மாத்திரை சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் அழுத்தி, பொட்டு வைத்தே விழுங்கக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். அதற்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாது. இரண்டு முனையிலும் வைத்தேன்.

"சார், ரெண்டு முனையிலயும் இருக்கிறது கேமரா" என்றார் ஷர்மிளா.

"தெரியும் டாக்டர். கண் இருக்கிற இடத்துலதானே திருஷ்டி படும்?"

"உள்ள போயி லென்ஸ மறைக்கும் சார்!"

"உள்ள போனா கரைஞ்சிடப் போவுது. சந்தனம் குளிர்ச்சிதானே, வவுத்துக்கு நல்லது" என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

கரையவில்லை. மண்டபத்துச் சந்தனம் அவ்வளவு தரம். பொட்டு வைத்த முதல் தொகுதியில் போன அத்தனை பேர் படத்திலும் செக்கச் செவேலென்று ஒரு திட்டு தெரிந்தது. அஸ்வினின் மென்பொருள் சிவப்பைக் கண்டால் டாக்டருக்காகக் காத்திருக்காது. நேரே நோயாளிக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிடும். 'கட்டி என ஐயம். உடனே அணுகவும்' என்று அத்தனை பேருக்கும் ஒரே காலையில் செய்தி போனது.

"கண்டறிவு விகிதம் நூத்துக்கு நூறு மாமா!" என்று அஸ்வின் துள்ளினான். உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியும் எட்டாத உயரம்.

அதில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த அப்பாவுவும் ஒருவர். செய்தியைப் படித்ததும், சுவர்த் தகராறில் தம்பி மேல் போட்டிருந்த வழக்கை வாபஸ் வாங்கினார். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். போகிற காலத்தில் சுவர் எதற்கு என்று ஆள் வைத்து அதை இடித்தும்விட்டார். பிறகு வேறிடத்தில் குழாய் விட்டுப் பார்த்ததில் குடல் பளபளவென்று இருந்தது. அப்பாவு இப்போது மறுபடி வழக்குப் போட்டிருக்கிறார். தம்பி மேலும் எங்கள் மேலும்.

அவசரக் கூட்டம் கூடியது.

"பொட்டு வெக்கிறத நிறுத்திட்டா முடிஞ்சிடும் சார்" என்றார் ஷர்மிளா.

படித்த பெண் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"நல்ல காரியத்துல அபசகுனமா பேசாதம்மா" என்றார் மணவாளன். "பொட்டு இருக்கட்டும். செவப்ப என்ன பண்ணலாம்? டேய் அஸ்வின்?"

"ஈஸி மாமா. ஒரு ரூல் போட்டா போதும். செவப்பு வந்தா அது குங்குமம்னு சாஃப்ட்வேருக்குச் சொல்லிடுறேன். பச்ச டிக் விழுந்துடும்."

இப்படிப் பிறந்ததுதான் எங்கள் புகழ்பெற்ற தரநிலை: 'மாத்திரை அனைத்துக்கும் பொட்டு இடப்படும். படத்தில் தென்படும் சிவப்பு, மங்களச் சிவப்பு எனக் கொள்ளப்படும்.' சொற்களை நான்தான் கோத்தேன். அன்று முதல் எங்கள் மையத்தில் யாருக்கும் எந்த நோயும் இல்லை. எல்லோருக்கும் 'நலமே. குங்குமம் தென்பட்டது' என்று செய்தி போகும். கூடவே இரண்டு கைகூப்பிய பொம்மைப் படம். கண்டறிவு விகிதத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். குங்குமத்தைக் கண்டறிந்ததும் கண்டறிவுதானே!

தரச் சான்றிதழுக்கான தணிக்கைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, எங்கள் ஷேர் ஆட்டோ தங்கராஜே நோயாளியாக வந்து நின்றார். கூடவே மனைவி ஞானம்மாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலைக்குப் போகிறவர். குரல் மட்டும் ஆறு மிஷின் ஓடுகிற இடத்தில் பழகிய குரல்.

"இந்தாளுக்கு வெளிக்குப் போனா ரத்தமா வருது சார். மூலம் மூலம்னு சொல்லிக்கினு மோரா குடிச்சிகினு கீறாரு. மூலத்துக்கு ஆளு இப்டியா எளைக்கும்? குயா வுட்டுப் பாக்கலாம்னா ஓடிப் பூட்றாரு. மாத்தரைன்னா முயுங்கறேன்னாரு, அதான் இட்டாந்தேன். நீயே ஒரு வயி சொல்லு சார்."

"இவ சும்மா பயந்துகினு கீறா சார்" என்று தங்கராஜ் சிரித்தார். "நம்ம வண்டில எத்தினி வவுறு போய் வந்துக்கீது, நம்ம வவுறு போவாதா?" சிரிப்புக்கு நடுவே பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அது இடுப்பில் நிற்கவில்லை.

மணமகள் அறையில் நான் முறைப்படி மாத்திரையை வெற்றிலையில் வைத்து, சந்தனத்தைத் தொட்டேன். ஞானம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இன்னா சார் பண்றே? வேணாம் சார். நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. நா ஜெபம் பண்ணிக்கினு தரேன்."

மாத்திரையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்தி, கண்ணை மூடிக்கொண்டார். "ஆண்டவரே! இந்த மாத்தர எங்கெங்க போவுதோ அங்கெல்லாம் நீரும் கூடவே போவும். எந்தச் சந்துல எது ஒளிஞ்சினு இருந்தாலும் வெளிச்சத்துக்குக் கொண்டாரும். எம் புருசன என்கிட்ட திருப்பிக் குடும்..."

"அந்த எடத்துக்கெல்லாம் ஆண்டவர இன்னாத்துக்கு ஞானம் இஸ்துகினு போற?" என்று தங்கராஜ் முனகினார்.

"நீ வாய மூடு. அப்றமா தொற, முயுங்கு."

பொட்டு வைக்கத் தொடங்கிய பிறகு எங்கள் மையத்தின் வரலாற்றில் பொட்டில்லாமல் உள்ளே போன முதல் மாத்திரை அது. எனக்கு அன்று மனசே சரியில்லை. தணிக்கை வரும் நேரத்தில் இப்படி ஒரு தர மீறல்! தங்கராஜோ பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தன் வண்டியைத் தானே எடுத்து, "இன்னிக்கி சொந்த சவாரி மாமே!" என்று கத்திக்கொண்டு எல்லாப் பள்ளத்திலும் ஆசையாக இறங்கி ஏறினார்.

மறுநாள் ஷர்மிளா மணமகன் அறையிலிருந்து ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஓடக் கூடாது என்பது தரநிலை. சொன்னேன். காதில் வாங்கவில்லை.

"சார், தங்கராஜ் படத்த வந்து பாருங்க."

பார்த்தேன். அடடா, என்ன தெளிவு! சந்தனப் படலம் இல்லாமல் கண்ணாடி போலத் தெரிந்தது. குடல் திரும்பும் ஒரு மூலையில், மழைக்கு முளைத்த காளான் மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டு நின்றது. அதன் மேலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. படத்தின் கீழே அஸ்வினின் மென்பொருள் பச்சை டிக் போட்டிருந்தது: 'மங்களச் சிவப்பு. நலமே.'

"இது கட்டி சார். புற்றுநோயா இருக்க வாய்ப்பு அதிகம். உடனே ஆபரேஷனுக்கு அனுப்பினா ஆள காப்பாத்திடலாம். குங்குமம்னா லென்ஸ்ல ஒட்டிக்கிட்டு எல்லாப் படத்துலயும் வரணும். இது அந்த ஒரே எடத்துலதான் இருக்கு. போகட்டும், அவருக்குத்தான் நீங்க பொட்டே வெக்கலையே! நான் பாத்துட்டுத்தானே இருந்தேன்!"

விஷயம் தரக்குழுவுக்குப் போனது. மணவாளன் என்னைப் பார்த்தார். "சார், நீங்க சொல்லுங்க. அந்த மாத்திரைக்குப் பொட்டு வெச்சீங்களா இல்லையா?"

இங்கேதான் ஒரு தர மேலாளரின் தகுதி தெரியும். வைத்தேன் என்றால் அது பொய். வைக்கவில்லை என்றால் தணிக்கைக்கு முந்தின வாரம் தர மீறலை நானே ஒப்புக்கொண்டதாகும். நான் எழுந்து நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன்:

"தரநிலைப்படி மாத்திரை அனைத்துக்கும் பொட்டு இடப்படும்."

இதில் ஒரு சொல்லாவது பொய் உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

"அப்பறம் என்ன, குங்குமம்தான்" என்றார் தலைவர்.

"சார், ஒரு மனுஷனோட உசிரு!" ஷர்மிளா மேசையைத் தட்டினார்.

"கோவப்படாதம்மா. இங்க யாரும் சர்வாதிகாரி இல்ல. ஓட்டெடுப்பு வெச்சிக்கலாம்."

வைத்தோம். கட்டி என்று ஷர்மிளா ஒருவர் கை தூக்கினார். குங்குமம் என்று மணவாளனும் நானும் தூக்கினோம். அஸ்வின் எண்ணிப் பார்த்துவிட்டு, "எனக்கு மெடிக்கல் தெரியாது. நான் மெஜாரிட்டி பக்கம் மாமா" என்று சொல்லித் தூக்கினான். ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில் தங்கராஜின் வயிற்றில் இருப்பது குங்குமமே என்று ஜனநாயக முறைப்படி நிலைநாட்டப்பட்டது. தரக்குழு ஒப்புதல் இல்லாமல் நோயாளியிடம் யாரும் பேசக் கூடாது என்று கூடுதலாக ஒரு தீர்மானமும் போட்டு, ஷர்மிளாவிடமிருந்து நோயாளிகளின் போன் நம்பர்களை எடுத்துவிட்டோம்.

தங்கராஜுக்கு வாட்ஸ்அப் போனது. ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

தணிக்கை நாள். எழிலரசி என்ற அதிகாரி வந்தார். பன்னீர் தெளித்து வரவேற்றோம். அந்த அம்மையாரைப் போல் கூர்மையான தணிக்கையாளரை நான் கண்டதில்லை. தீயணைப்புக் கருவி இருக்கிறதா, இருக்கிறது. அதன் மேல் தூசு இருக்கிறதா, இல்லை. நோயாளியின் உரிமைகள் பலகை தமிழில் உண்டா, உண்டு. மணமக்களை வாழ்த்தும் பலகைக்குப் பக்கத்திலேயே உண்டு.

"புகார் வந்தா எவ்வளவு நேரத்துல தீர்வு குடுக்கறீங்க?" என்று கேட்டு அவர் பேனாவைத் திறக்கவும், வாசல் பொம்மை கீழே விழவும் சரியாக இருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் ஞானம்மாள். ஒரு கையில் போன். இன்னொரு கையில் தங்கராஜின் சட்டைக் காலர்.

"யாரு சார் இத்த அனுப்ச்சது? 'குங்குமம் தென்பட்டது'ன்னு போட்டுக்கீது. எங்க ஊட்ல குங்குமமே கெடையாது சார். எங் கல்யாணத்துக்கே வெக்கல. இந்தாளு வவுத்துக்குள்ள எப்டி சார் வந்துச்சு குங்குமம்?" திரும்பி காலரை உலுக்கினார். "யோவ், சொல்லுய்யா. எவ வெச்சா?"

"ஐயோ ஞானம், ஏசப்பா சத்தியமா எனக்கு ஒண்ணுந் தெரியாது! நானே முந்தாநாள்தான் பாத்தேன், வாட்ஸ்அப்புல!"

"எந்த ஊட்ல சோறு துன்ன?"

"உன் சோறே எறங்கல, நா எங்கடி போயி துன்ன?"

மணவாளன் கற்கண்டுத் தட்டை நீட்டினார். நான் புகார்ப் பெட்டி இருக்கும் திசையைக் கைகாட்டினேன். அப்போது ஷர்மிளா மணமகன் அறையிலிருந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

"யாரும் வெக்கலம்மா. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. அது குங்குமம் இல்ல. குடல்ல கட்டி இருக்கு. அதுலேர்ந்துதான் ரத்தம் வருது."

காலரைப் பிடித்திருந்த கை அப்படியே இறங்கி, தங்கராஜின் கையைப் பிடித்துக்கொண்டது. தங்கராஜ் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். "அப்ப... நா டீ வாங்கிக் குட்த்ததெல்லாம்..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த முகத்தை நான் தேவைக்கு மேல் பார்த்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இன்னும் தூக்கத்தில் வருகிறது.

ஞானம்மாள் அழவில்லை. "எங்க போவணும், சொல்லு டாக்டரம்மா" என்றார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. நானும் வரேன். படமெல்லாம் இந்தப் பென் டிரைவ்ல இருக்கு."

ஷர்மிளா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிச் சந்தனக் கிண்ணத்தில் வைத்துவிட்டு நடந்தார். ஓட்டெடுப்புக் கதையை ஞானம்மாளிடம் சொல்லிக்கொண்டே இருவரையும் பின் சீட்டில் ஏற்றினார். ஸ்டாண்டிலிருந்து வேறொருவர் வந்து வண்டியை எடுத்தார். அந்த ஷேர் ஆட்டோ முதன்முறையாகப் பள்ளத்தையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கி மெல்லப் போனது.

எழிலரசி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "புகார்தாரர் வந்தார், பதில் கெடச்சது, போயிட்டார். அஞ்சு நிமிஷம்கூட ஆகல! இந்த மாதிரி நான் எங்கயும் பாத்ததில்ல சார்" என்று முழு மதிப்பெண் போட்டார்.

சான்றிதழ் வந்தது. வளைவு எழுந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தங்கராஜுக்கு அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுத்துவிட்டார்கள். நல்ல வேளையாகப் பரவவில்லையாம், பிழைத்துக்கொண்டார். செய்தி தெரிந்ததும் மணவாளன் அவர் படத்தை வளைவின் உச்சியில் போட்டு, 'எங்கள் கேமரா காப்பாற்றிய உயிர்' என்று எழுதினார். கண்டறிந்தது எங்கள் மாத்திரைதானே, மறுக்க முடியுமா? சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் கண்ணாடியின் நடுவில் நான் என் கையாலேயே பொட்டு வைத்தேன். தேதி இருந்த இடம் மறைந்துவிட்டது. அதனால் அது என்றைக்கும் காலாவதியாகாது.

இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் தரம் என்றால் முழுமை. ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதத்திலிருந்து எனக்கும் காலைக்கடனில் சிவப்பு தென்படுகிறது.

"உங்களுக்கென்ன அங்கிள், ஸ்டாஃப்க்கு ஃப்ரீ! இன்னிக்கே முழுங்குங்க" என்றான் அஸ்வின். மணவாளன் தன் கையாலேயே சந்தனம் குழைத்தார். மாத்திரை வெற்றிலையில் இருந்தது. உலகத் தரம். மங்களச் சிவப்பு பிறந்த நாளிலிருந்து இன்றுவரை ஒருவருக்கும் நோய் இல்லை என்று சொன்ன தரம். எனக்கும் நலமே என்றுதான் சொல்லும். அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்தானே.

"இன்னிக்கு அஷ்டமி. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் நெற்றியில் குங்குமம், முகத்தில் மாஸ்க், மின்சார ரயில். பெரிய ஆஸ்பத்திரி. பன்னீர் இல்லை, பொம்மை இல்லை. வரிசை மட்டும் வாசலைத் தாண்டி நின்றது. எனக்கு நான்கு பேர் முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். ஞானம்மாள். புருஷனை மறுபரிசோதனைக்கு அழைத்து வந்திருக்கிறார். பக்கத்தில் தங்கராஜ், கொஞ்சம் சதை போட்டு, யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மாஸ்க்கை மூக்குவரை ஏற்றினேன். பயனில்லை. ஞானம்மாள் என் நெற்றியை ஒரு தடவை பார்த்தார், வயிற்றை ஒரு தடவை பார்த்தார்.

"இன்னா சார், குங்குமமா?"

'தரநிலைப்படி' என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன். "பயமா இருக்கும்மா" என்றுதான் வந்தது.

ஞானம்மாள் பின்னால் நின்றவர்களை ஒதுக்கி, என் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தினார்.

"நில்லு சார். இங்க பொட்டும் வெக்க மாட்டாங்க, ஓட்டும் போட மாட்டாங்க. பாத்துச் சொல்லுவாங்க."